எல்லையைத் தாண்டுவது பணமல்ல, செய்தி!

ஜொகூர் பாரு சென்ட்ரல் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியில் நாணய மாற்றுக் கடைகளுக்கும் ஏடிஎம் இயந்திரங்களுக்கும் பஞ்சமே இல்லை. கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரிலிருந்து தினமும் மக்கள் வந்தபடி இருக்கிறார்கள். கண்ணாடிக் கோயிலைப் பார்க்கவும், உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகவும் தமிழ்நாட்டிலிருந்தும் பலர் வருகிறார்கள். இவர்களில் பலர் தங்கள் ஊர் வங்கி அட்டையை இங்குள்ள ஏடிஎம் இயந்திரத்தில் செருகிப் பணம் எடுக்கிறார்கள்.

இதில் உள்ள புதிரைக் கவனித்தீர்களா, மாணவர்களே? இயந்திரத்துக்குள் இருப்பது ரிங்கிட் மட்டுமே. மதுரையிலிருந்து வந்த உங்கள் சித்தப்பாவின் வங்கிக் கணக்கில் இருப்பதோ ரூபாய் மட்டுமே. ஆனாலும் சில நொடிகளில் ரிங்கிட் நோட்டுகள் வெளியே வருகின்றன. ரூபாயை ரிங்கிட்டாக மாற்றியவர் யார்? எந்த விலைக்கு மாற்றினார்? அதற்கு எவ்வளவு எடுத்துக்கொண்டார்?

இதற்கு விடை தெரிந்தவர் வெளிநாட்டில் பணம் எடுக்கும்போது வீண் செலவைத் தவிர்க்கலாம். தெரியாதவர் ஒரு பொத்தானைத் தவறாக அழுத்தி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான பணத்தை இழக்க நேரிடும். வாருங்கள், அட்டையைச் செருகியது முதல் நோட்டு கைக்கு வரும்வரை என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

1967 ஜூனில் நடந்த இரண்டு நிகழ்வுகள்

1967 ஜூன் 12 அன்று பேங்க் நெகாரா மலேசியா புதிய மலேசிய நாணயத்தை வெளியிட்டது. அதே சமயத்தில் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்று நாடுகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. ஒரு நாட்டின் ஒரு வெள்ளிக்கு மற்ற நாட்டிலும் ஒரு வெள்ளி மதிப்பு என்பதே அந்த உடன்பாடு. ஜொகூர் பாருவில் சம்பாதித்த வெள்ளியை உட்லண்ட்ஸுக்குக் கொண்டுபோனால் அதே மதிப்பில் மாற்றிக்கொள்ளலாம். 1973 மே மாதத்தில் மலேசியா இந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது. அதன்பின் இரு நாணயங்களும் தனித்தனி வழியில் சென்றன. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி வாங்க மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் தேவை.

அதே 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கி ஓர் இயந்திரத்தைத் திறந்தது. உலகின் முதல் ஏடிஎம் என்று பரவலாகச் சொல்லப்படுவது அதுதான். அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட்-பேரன் பிறந்தது இந்தியாவின் ஷில்லாங்கில். அன்று பிளாஸ்டிக் அட்டை இல்லை. கார்பன்-14 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிதளவு பூசப்பட்ட காகிதச் சீட்டை உள்ளே போட வேண்டும். இயந்திரம் அந்தக் கதிர்வீச்சை உணர்ந்து சீட்டை அடையாளம் காணும்.

அந்த இயந்திரம் ஒரே வங்கியின் வாடிக்கையாளர்களுக்காகச் செய்யப்பட்டது. இன்றைய இயந்திரமோ உலகில் எந்த மூலையில் உள்ள வங்கியின் அட்டையாக இருந்தாலும் அடையாளம் காண முயல்கிறது. அது எப்படி என்பதற்கு அட்டையிலேயே விடை இருக்கிறது.

அட்டை எண்ணில் ஒளிந்திருக்கும் கணக்கு

பெரும்பாலான வங்கி அட்டைகளில் 16 இலக்க எண் இருக்கும். முதல் இலக்கமே அட்டை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும். 4 என்றால் விசா. 5 என்றால் பெரும்பாலும் மாஸ்டர்கார்டு. முதல் 6 அல்லது 8 இலக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால் அட்டையை வழங்கிய வங்கி எது என்று தெரியும். செய்தியை எங்கே அனுப்புவது என்பதை இயந்திரத்துக்குப் பின்னால் உள்ள கணினிகள் இதை வைத்தே முடிவு செய்கின்றன. கடித உறையில் எழுதும் அஞ்சல் குறியீட்டைப் போன்றது இது.

கடைசி இலக்கத்துக்கு வேறு வேலை. அது சரிபார்ப்பு இலக்கம். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. ஒரு சிறிய எண்ணை எடுத்து நாமே செய்து பார்ப்போம்: 528174.

முதலில், கடைசி இலக்கமான 4-ஐ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, வலமிருந்து இடமாகச் சென்று ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டிப்பாக்குங்கள். 7 என்பது 14 ஆகும்; இரண்டு இலக்கமாக வந்தால் அவற்றைக் கூட்டுங்கள், 1+4=5. அடுத்த 1 அப்படியே. 8 என்பது 16, அதாவது 7. அடுத்த 2 அப்படியே. 5 என்பது 10, அதாவது 1. இப்போது எல்லாவற்றையும் கூட்டினால் 4+5+1+7+2+1=20. விடை பத்தின் மடங்காக வந்தால் எண் சரியான அமைப்பில் இருக்கிறது என்று பொருள்.

இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி 528714 என்று எழுதினால்? கூட்டுத்தொகை 23 வரும். பிழை உடனே பிடிபட்டுவிடும். ஒரு இலக்கம் மட்டும் தவறினால் இந்த முறை கட்டாயம் கண்டுபிடிக்கும். ஆனால் திருடனைப் பிடிக்க இது உதவாது. எழுத்துப் பிழையைப் பிடிக்க மட்டுமே உதவும்.

திருடனைத் தடுக்க அட்டையில் ஒரு சில்லு இருக்கிறது. முன்பு அட்டையின் பின்புறக் காந்தப் பட்டையில் மட்டுமே விவரங்கள் இருந்தன. அவை மாறாதவை. எனவே ஒருமுறை படியெடுத்தால் போலி அட்டை செய்துவிடலாம். சில்லு அப்படியல்ல. அது ஒரு குட்டிக் கணினி. ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும், தன்னிடமுள்ள இரகசியச் சாவியைக் கொண்டு ஒரு புதிய குறியீட்டை அது உருவாக்குகிறது. நேற்றைய குறியீட்டைத் திருடினாலும் இன்று அது செல்லாது.

நான்கு இலக்கமா, ஆறு இலக்கமா?

மலேசிய வங்கி அட்டைகளுக்கு ஆறு இலக்கக் கடவு எண் தருகிறார்கள். இந்திய அட்டைகளுக்குப் பெரும்பாலும் நான்கு இலக்கம்தான். இங்கு வரும் உறவினர் நான்கு எண்களை அழுத்திவிட்டு, இயந்திரம் இன்னும் எதற்கோ காத்திருப்பதைப் பார்த்துத் திகைப்பார். முன்னால் இரண்டு பூஜ்யங்களைச் சேர்த்துப் பார்ப்பவரும் உண்டு. அது தவறு. நான்கு எண்களை அழுத்திய பிறகு உறுதிப்படுத்தும் பொத்தானை அழுத்தினால் போதும்.

நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள் சாத்தியம். ஆறு இலக்கத்தில் 10 லட்சம். பொதுவாக மூன்று முறை தவறினால் அட்டை முடக்கப்படும். ஆகவே கண்டெடுத்த அட்டையை வைத்துக்கொண்டு ஒருவர் குருட்டாம்போக்கில் முயன்றால், நான்கு இலக்க எண்ணைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 10,000-இல் 3 மட்டுமே. பிறந்த ஆண்டையே கடவு எண்ணாக வைத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்!

நீங்கள் அழுத்தும் எண்கள் விசைப்பலகைக்குள்ளேயே மறையாக்கம் செய்யப்படுகின்றன. வழியில் உள்ள எந்தக் கணினியின் திரையிலும் அந்த எண் வெளிப்படையாகத் தெரியாது. ஆனால் உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்பவருக்கோ, யாரோ ஒட்டி வைத்த சிறு கேமராவுக்கோ தெரியலாம். அதனால்தான் மறு கையால் விசைப்பலகையை மறைக்கச் சொல்கிறார்கள்.

செய்தியின் பயணம்

சித்தப்பா 500 ரிங்கிட் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் ஒரு செய்தியைத் தயாரிக்கிறது. அட்டை எண், தொகை, நாணயம், நேரம், இயந்திரத்தின் அடையாளம், சில்லு தந்த குறியீடு, மறையாக்கம் செய்த கடவு எண் ஆகியவை அதில் இருக்கும். செய்தி முதலில் அந்த இயந்திரத்துக்குச் சொந்தமான மலேசிய வங்கிக்குச் செல்கிறது. 'இது நம் அட்டை அல்ல' என்று கண்ட வங்கி, அதை அனைத்துலக அட்டைக் கட்டமைப்புக்கு அனுப்புகிறது. ஏடிஎம்களில் விசாவின் கட்டமைப்புக்குப் பிளஸ் என்றும், மாஸ்டர்கார்டின் கட்டமைப்புக்குச் சிரஸ் என்றும் பெயர். அங்கிருந்து செய்தி இந்திய வங்கிக்குப் போகிறது.

இந்திய வங்கியின் கணினி வரிசையாகச் சோதிக்கிறது. சில்லின் குறியீடு உண்மையா? கடவு எண் சரியா? வெளிநாட்டுப் பயன்பாடு திறக்கப்பட்டிருக்கிறதா? இன்றைய வரம்பு மீறப்பட்டதா? கணக்கில் பணம் இருக்கிறதா? எல்லாம் சரியென்றால் அந்தத் தொகையைக் கணக்கில் கழித்துவிட்டு, 'கொடுக்கலாம்' என்ற பதிலைத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பதிலில் இரண்டு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. 00 என்றால் அனுமதி. 51 என்றால் போதிய பணம் இல்லை. 55 என்றால் கடவு எண் தவறு. 91 என்றால் வங்கியின் கணினி பதில் தரவில்லை.

ஜொகூருக்கும் சென்னைக்கும் இடையே சுமார் 3,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். நேர்வழியில் போனால் ஒரு வழிப் பயணத்துக்கு நொடியில் நூறில் இரண்டு பங்குகூட ஆகாது. செய்தி சுற்றிச் சென்றாலும் அதிகம் தாமதமாகாது. நாம் காத்திருக்கும் நொடிகள் பெரும்பாலும் சோதனைகளுக்கும், நோட்டுகளை எண்ணுவதற்கும்தான் செலவாகின்றன. இயந்திரம் ஒவ்வொரு நோட்டின் தடிமனையும் உணரிகளால் அளக்கிறது. இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் அவற்றை உள்ளே தனிப் பெட்டியில் தள்ளிவிட்டு வேறு எடுக்கிறது.

ரூபாய் எங்கே போனது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். சித்தப்பாவின் கைக்கு வந்த 500 ரிங்கிட், மலேசிய வங்கி தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தது. இந்தியாவிலிருந்து ஒரு நோட்டுகூட வரவில்லை. எல்லையைத் தாண்டி வந்தது ஒரு வாக்குறுதி மட்டுமே: 'நீங்கள் கொடுங்கள், நாங்கள் பிறகு தருகிறோம்.'

இந்த எண்ணம் தமிழர்களுக்குப் புதிதல்ல. மலாயாவில் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார் உண்டியல் முறையைப் பயன்படுத்தினார்கள். இது கோயில் உண்டியல் அல்ல. 'இதைக் கொண்டுவருபவருக்கு இவ்வளவு பணம் கொடுக்கவும்' என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. ஓர் ஊரில் பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு, கடல் கடந்து இன்னோர் ஊரில் அதைக் காட்டிப் பணம் பெறலாம். பணமூட்டையைக் கப்பலில் சுமக்கத் தேவையில்லை. இரண்டு ஊர்க் கணக்குப் புத்தகங்களையும் பின்னர் நேர் செய்துகொள்வார்கள். அன்று சீட்டு செய்த வேலையை இன்று மின்செய்தி செய்கிறது.

நேர் செய்வதும் இன்று தினசரி நடக்கிறது. அட்டைக் கட்டமைப்பு ஒவ்வொரு வங்கிக்கும் வர வேண்டியது எவ்வளவு, அது தர வேண்டியது எவ்வளவு என்று கூட்டிக் கழிக்கிறது. ஒரு வங்கிக்கு 10 லட்சம் வர வேண்டும், அது 7 லட்சம் தர வேண்டும் என்றால், மீதி 3 லட்சம் மட்டுமே கைமாறும். நாணய மாற்று விகிதத்தையும் கட்டமைப்பே நாள்தோறும் நிர்ணயிக்கிறது. நாணயச் சந்தையின் மொத்த விலைக்கு அது நெருக்கமாகவே இருக்கும். அதன்மேல் இந்திய வங்கி தன் கட்டணத்தைச் சேர்த்துக்கொள்கிறது. சில இயந்திரங்களின் உரிமையாளர்களும் வெளிநாட்டு அட்டைகளுக்கெனத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள்.

திரையில் வரும் அந்தக் கேள்வி

இதுவரை நடந்தவற்றில் நமக்குத் தேர்வு எதுவும் இல்லை. ஆனால் சில இயந்திரங்கள் ஒரு கேள்வி கேட்கும்: 'உங்கள் கணக்கிலிருந்து 10,600 ரூபாய் கழிக்கப்படும். இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா?' பார்க்க நல்ல உதவி போலத் தெரியும். நம் ஊர்ப் பணத்திலேயே கணக்கு சொல்கிறதே! பலர் யோசிக்காமல் 'ஆம்' என்று அழுத்திவிடுகிறார்கள்.

அப்படி அழுத்தினால், ரிங்கிட்டை ரூபாயாக மாற்றும் வேலை அட்டைக் கட்டமைப்பின் கையிலிருந்து, இயந்திரத்தின் பக்கம் உள்ளவர்களின் கைக்கு மாறிவிடுகிறது. அவர்கள் தங்கள் இலாபத்தைச் சேர்த்த விகிதத்தில் மாற்றுவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக 1 ரிங்கிட் 20 ரூபாய் என்றும், இந்திய வங்கி 3 விழுக்காட்டோடு 150 ரூபாய் நிலைக் கட்டணமும் வாங்குகிறது என்றும் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

'இல்லை' என்று அழுத்தி ரிங்கிட்டிலேயே எடுத்தால்: 500 ரிங்கிட் என்பது 10,000 ரூபாய். வங்கியின் 3 விழுக்காடு 300 ரூபாய். நிலைக் கட்டணம் 150. மொத்தம் 10,450 ரூபாய்.

'ஆம்' என்று அழுத்தினால்: திரை காட்டிய 10,600 ரூபாய். நிலைக் கட்டணம் 150. மொத்தம் 10,750 ரூபாய். வெளிநாட்டில் நடந்த பரிமாற்றம் என்று சொல்லிச் சில வங்கிகள் இதன்மேலும் 3 விழுக்காடு வாங்குவதுண்டு. அப்போது மேலும் 318 ரூபாய் கூடி, மொத்தம் 11,068 ஆகிவிடும்.

'இல்லை' என்றால் பணமே வராதோ என்ற பயம் பலருக்கு உண்டு. அந்தப் பயம் தேவையில்லை. நீங்கள் மறுப்பது மாற்று விகிதத்தை மட்டும்தான், பணம் எடுப்பதை அல்ல. அட்டைதாரருக்கு இந்தத் தேர்வைத் தந்தாக வேண்டும் என்பது அட்டைக் கட்டமைப்புகளின் விதி. கடைகளில் அட்டையால் பணம் கட்டும்போதும் இதே கேள்வி வரலாம். எந்த நாட்டில் நிற்கிறீர்களோ, அந்த நாட்டு நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதே பொதுவான வழி.

இன்னொரு கணக்கும் உண்டு. 500 ரிங்கிட்டை ஒரே தடவையில் எடுத்தால் நிலைக் கட்டணம் 150 ரூபாய். நூறு நூறாக ஐந்து தடவை எடுத்தால் 750 ரூபாய். அதற்காகத் தேவைக்கு மேல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு அலைவதும் ஆபத்து. இரண்டையும் எடைபோட்டு முடிவு செய்ய வேண்டும். கடன்பற்று அட்டையில் ரொக்கம் எடுப்பதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். பொருள் வாங்கினால் கிடைக்கும் தவணை நாள்கள் ரொக்கத்துக்குக் கிடைக்காது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

பணம் வரவில்லை என்றால்?

வெளிநாட்டு அட்டை மறுக்கப்படுவதற்கு முக்கியக் காரணம் இயந்திரக் கோளாறு அல்ல. அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு திறக்கப்படாமல் இருப்பதுதான். இந்திய ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாடு வேண்டுமென்றால் வாடிக்கையாளர்தான் வங்கியின் செயலியிலோ வேறு வழியிலோ அதைத் திறக்க வேண்டும். ஊரில் கிளம்பும் முன்பே இதைச் செய்வது நல்லது. இங்கு வந்தபின் செய்ய முயன்றால், ஒருமுறைக் கடவுச்சொல் ஊர்க் கைப்பேசி எண்ணுக்குப் போகும். அந்த எண் இங்கே வேலை செய்யாவிட்டால் சிக்கல்தான்.

இரண்டாவது காரணம், அட்டையின் பின்புறச் சின்னமும் இயந்திரத்தில் உள்ள சின்னமும் பொருந்தாமை. அட்டையைச் செருகும் முன் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்கில் பணம் கழிந்துவிட்டது, ஆனால் நோட்டு வெளியே வரவில்லை என்றால்? இதற்கும் வழி உண்டு. நோட்டு வெளியேறாததை உணர்ந்த இயந்திரம், 'முந்தைய பரிமாற்றத்தை ரத்து செய்க' என்ற இன்னொரு செய்தியை அனுப்பும். தொடர்பு அறுந்து அந்தச் செய்தியும் போகவில்லை என்றால், இயந்திரத்தின் பதிவேடு சாட்சியாக நிற்கும். உள்ளே மிஞ்சிய நோட்டுகளை எண்ணும்போது 500 ரிங்கிட் கூடுதலாக இருக்குமல்லவா? அதனால் தேதி, நேரம், இயந்திரம் இருந்த இடம், அதன் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, துண்டுச் சீட்டு வந்திருந்தால் அதையும் பத்திரப்படுத்த வேண்டும். புகாரை அட்டை வழங்கிய வங்கியிடம்தான் தர வேண்டும். ஏனென்றால் கணக்கைக் கழித்தது அந்த வங்கிதான். யாரோ முன்பின் தெரியாதவர் உதவ வந்தால், அவரிடம் அட்டையையோ கடவு எண்ணையோ கொடுக்கக் கூடாது.

ரொக்கமே இல்லாமல் செலவு செய்யும் வழிகளும் வந்துவிட்டன. 2023 மார்ச்சில் மலேசியா, சிங்கப்பூர் நாடுகளின் கியூஆர் கட்டண முறைகள் இணைக்கப்பட்டன. சிங்கப்பூரிலிருந்து வருபவர் இங்குள்ள டூயிட்நவ் குறியீட்டைத் தம் கைப்பேசியால் வருடிப் பணம் கட்டலாம். அதே ஆண்டு நவம்பரில் டூயிட்நவ், பேநவ் வழியாகக் கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் வசதியும் வந்தது. ஆனால் இங்கும் தாண்டிச் செல்வது செய்திதான். இங்கும் ஒரு மாற்று விகிதம் இருக்கிறது. அது எவ்வளவு என்று பார்த்துவிட்டு உறுதிப்படுத்தும் பழக்கம் எந்த வழிக்கும் பொருந்தும்.

நீங்களே கண்டுபிடியுங்கள்

பள்ளி விடுமுறையில் நீங்கள் குடும்பத்தோடு சென்னைக்குப் போகிறீர்கள். அங்குள்ள ஏடிஎம்மில் உங்கள் அக்காள் தன் மலேசிய அட்டையால் 3,000 ரூபாய் எடுக்கிறார். அன்று 1 ரிங்கிட் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'உங்கள் கணக்கில் 165 ரிங்கிட் கழிக்கப்படும், சம்மதமா?' என்று திரை கேட்கிறது. மறுத்தால் அக்காளின் வங்கி தொகையில் 3 விழுக்காடு வாங்கும். 10 ரிங்கிட் நிலைக் கட்டணம் இரண்டு வழியிலும் உண்டு. அக்காள் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும்? எவ்வளவு மிச்சமாகும்?

விடை: மறுத்தால் 150 ரிங்கிட், 3 விழுக்காடாக 4.50 ரிங்கிட், நிலைக் கட்டணம் 10 ரிங்கிட் என மொத்தம் 164.50 ரிங்கிட். ஏற்றுக்கொண்டால் 165 ரிங்கிட்டும் 10 ரிங்கிட்டும் சேர்ந்து 175 ரிங்கிட். மறுப்பதால் 10.50 ரிங்கிட் மிச்சமாகும். அடுத்த முறை வீட்டில் யாராவது வெளிநாடு கிளம்பும்போது, அவர்களுடைய அட்டைக்கு வங்கி எவ்வளவு கட்டணம் வாங்குகிறது என்று கேட்டறிந்து, இதே கணக்கை உண்மையான எண்களோடு போட்டுக் காட்டுங்கள்.